ரெண்டு பேரும் வந்தாத்தான் டோக்கன்

என் அப்பாவைத் தெய்வம் என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. போனாலும் ஜெயிக்க முடியாது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, சாத்தூரில் சேவு வாங்க இறங்கினாலும் சரி, யாராவது ஒரு பெண் என் முகத்தை உற்றுப் பார்ப்பாள். எனக்கு அப்பாவின் மூக்கு. அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "நீங்க பிள்ளைக்குப் பாக்குற அய்யா மகதான?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் பையனையோ பெண்ணையோ முன்னால் தள்ளி, இது அய்யா கொடுத்த பிள்ளை என்பாள். பிறகு என் பக்கத்தில் ஏதாவது பிள்ளை நிற்கிறதா என்று கண்ணால் தேடுவாள். அப்படி யாரும் நிற்பதில்லை. பிடித்த கையை மெதுவாக விடுவாள்.

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொல்வது உண்மை. அப்பா இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் இல்லை. மல்லாங்கிணற்றிலும் காரியாபட்டிப் பக்கத்திலும் சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸ்களைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்பாவின் பெயரை வைத்துக்கொண்டு எத்தனையோ பையன்கள் இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. செத்துப்போன மனிதர் மேல் கோபப்படுவதைப் போல வீண் வேலை எதுவும் இல்லை என்று தெரிந்தும் நான் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஆஸ்பத்திரி, மேல்தளம் குடித்தனம். மாடிப்படியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது டோக்கன் கொடுக்கும் ஜன்னல். அதற்கு மேலே ஒரு தகரப் பலகை. 'கணவரும் வந்தால்தான் டோக்கன் கொடுக்கப்படும்' என்று நீலப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஜன்னலில் உட்கார்ந்திருந்த அக்கா அதை வாயால் சொல்வார். ரெண்டு பேரும் வந்தாத்தான் டோக்கன். அப்பாவின் வைத்தியம் முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சொல்வது லேசுப்பட்ட காரியம் அல்ல. கல்யாணமாகி வருடம் திரும்பினால் மருமகளைக் கோவில் கோவிலாக அழைத்துப் போவார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு மாமியார் அழைத்து வருவாள், இல்லை பெற்ற தாய் அழைத்து வருவாள். மகன் வரமாட்டான். அவன் எதற்கு வரவேண்டும் என்று அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. குறை என்று ஒன்று இருந்தால் அது பெண்ணின் வயிற்றில் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. அப்பா அவர்களை டோக்கன் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார். ஆரம்பத்தில் கிறுக்கு டாக்டர் என்றார்கள். பிள்ளைகள் பிறக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கிறுக்கைக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை அவருக்கு. விரல் நுனியெல்லாம் அலுமினியத் தூள் ஏறி வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல இருந்தது. பெண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வெளியே பீடி குடிக்கப் போகப் பார்த்தார். அப்பா அறையிலிருந்து எழுந்து வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"ஏலே, எங்கன போற? ஒம் பொண்டாட்டி கையில ஊசி குத்த இடமில்ல. நீ ஒரு டெஸ்ட்டாவது எடுத்திருக்கியா?"

ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு என்று அவர் முனகினார். அதோடு சீசன் நேரம், லீவு போட்டால் கம்பெனியில் சும்மா விடமாட்டார்கள் என்றார்.

"சீசன் வருசா வருசம் வரும்லே. இவ வயசு வராது. ரெண்டு பேருக்கும் பாத்தாத்தான் நான் பாப்பேன். இல்லன்னா கூட்டிட்டுப் போ."

வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அந்த மனிதர் முகம் சுண்டிப்போய் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் சீசன் அப்போதுதான். ஊரெல்லாம் வெடித்துத் தீர்ந்த பிறகு, வெடி செய்தவர்கள் ஜோடி ஜோடியாக எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். குறை அவரிடம்தான் இருந்தது. அப்பா மருந்து கொடுத்தார், பீடியை நிறுத்தச் சொன்னார், மருந்து கலக்கிற அறையிலிருந்து பாக்கெட் போடுகிற வேலைக்கு மாற்றச் சொல்லி கம்பெனி மேனேஜருக்கு அவரே போன் பண்ணினார். அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அப்பாவின் பெயரை வைத்தார்கள்.

அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து என் அப்பாவை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. இந்த ஊரில் ஆண்பிள்ளை முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்க இன்னொருத்தர் உண்டா என்று நினைத்தேன். அதே பெருமையோடு இருந்திருக்கக்கூடாதா நான்.

அப்பாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அய்யா டெஸ்ட்டே பார்க்கவேண்டாம், ஆளைப் பார்த்தே யாரிடம் குறை என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. முகத்தில் என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது, டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும் என்று சாப்பிடும்போது எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஊர் விடவில்லை. தெய்வம் என்று முடிவு பண்ணிவிட்டால் அதற்கு எக்ஸ்ரே கண்ணும் வேண்டுமே.

வீட்டில் அவரைப் போல ஒரு மனிதரைக் காட்டமுடியாது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சாயங்காலம் ஒரு முறை மாடிக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து காபி குடிப்பார். அம்மாவுக்குப் பூ வாங்கும் வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார், தானே போய் நின்று பேரம் பேசி வாங்குவார். நான் ஒரே பிள்ளை. ஆண் வாரிசு இல்லையே என்று சொந்தத்தில் யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். எனக்குப் பாப்பா என்று பெயர். முப்பது வயது தாண்டியும் பாப்பாதான். பங்குனிப் பொங்கல் சமயத்தில் பொருட்காட்சிக்கு என்னையும் அம்மாவையும் கூட்டிப்போய், ராட்டினத்தில் நான் சுற்றி முடிக்கும் வரை கீழே அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். மாதுளம்பழத்தை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுத்தான் கொடுப்பார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லார் கையிலும் வரத்தொடங்கிய காலத்தில், எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சிவகாசி. பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் டெய்லி காலண்டரும் அச்சடிக்கிற பெரிய ஆப்செட் பிரஸ் அவர்களுடையது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன். குரலை உயர்த்திப் பேசியதில்லை. குடிப்பழக்கம் இல்லை. விருதுநகருக்கு வேலையாக வந்தால் எனக்குப் பிடிக்கும் என்று எண்ணெய் பரோட்டா வாங்கி வருவார். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லாத வீடு.

ஆனால் கல்யாணத்தன்றைக்கே நான் ஒன்றைக் கவனித்திருக்கவேண்டும். அப்பா மாப்பிள்ளையைக் கண்டால் எழுந்து நின்றார். பெரிய பெரிய ஆட்கள் வந்தால்கூட நாற்காலியைவிட்டு எழாத மனிதர், தன் பாதி வயதுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீகளா மாப்பிள்ளை. அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். பெண்ணைக் கொடுத்த வீடு அப்படித்தான் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்போது அது அழகாகத்தான் தெரிந்தது.

வருடங்கள் போயின. மாமியார் முதலில் ஜாடையாகக் கேட்டார், பிறகு நேராகக் கேட்டார். டாக்டர் மகளுக்கே இப்படியா என்று சிவகாசியில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்காத ஸ்கேன் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்தது. பிறகு ஒரு நாள் என் கணவரிடம் மெதுவாக, வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கி, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். அவர் காலண்டர் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும், வர்றேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அம்புட்டுத்தானே என்று நினைத்தேன். ஊரில் உள்ள அத்தனை ஆண்களுக்கும் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை அது. அப்பா வாயைத் திறந்தால் போதும். மறுநாளே விருதுநகருக்கு ஓடினேன். அப்பா மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

அது சும்மா சொல்லுகிற பேச்சு பாப்பா என்றார். நிஜமாகவே நான் கேட்டால் மாப்பிள்ளை முகம் மாறிவிடும், அந்த வீட்டில் உன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், டெஸ்ட்டில் ஏதாவது வந்துவிட்டால் அதன் பிறகு நீ அங்கே எப்படி இருப்பாய் என்றார். இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். வராந்தாவில் யாருக்கும் அவர் ஆறு மாதம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆறு மாதத்தில் அவர் என்ன செய்தார் என்றால், என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவரோடு படித்த ஒரு டாக்டரம்மா இருந்தார். சொந்த மகளுக்குத் தானே வைத்தியம் பார்க்கக்கூடாது என்று காரணம் சொன்னார். டாக்டரம்மா என் ரிப்போர்ட்களை எல்லாம் புரட்டிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறதே, வீட்டுக்காரருக்குப் பார்த்தாயிற்றா என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு எல்லாம் பாத்தாச்சு. நார்மல்."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, அப்படியென்றால் கருமுட்டை வளர ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று எழுத ஆரம்பித்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கான மருந்தை என் உடம்புக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

திரும்பி வரும்போது, திருமங்கலம் தாண்டியதும் நான்தான் கேட்டேன், எப்போது பார்த்தீர்கள் அப்பா என்று. அவர் காரை ஓரங்கட்டினார். ரோட்டோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இறங்கிப்போய் எனக்கு நுங்கு வாங்கிவந்தார். அதைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளைம்மா. அவுகளப் போயி நான் எப்படிக் கேக்க?"

நான் நுங்கை ஜன்னல் வழியாக வீசினேன். அதுதான் என் அப்பாவிடம் நான் முதன்முதலாகக் காட்டிய கோபம். அவர் பயந்துபோய்விட்டார். சரி பாப்பா, கேட்கிறேன், தீபாவளி முடியட்டும், கண்டிப்பாகக் கேட்கிறேன் என்றார். சீசன் முடியட்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. அவர் கேட்கப்போகிறார் என்ற நினைப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரையும் என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டார். காலையிலிருந்தே தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கீழே வராந்தா நிரம்பி வழிந்தது. டோக்கன் ஜன்னல் அக்காவின் குரல் மாடி வரை கேட்டது. ரெண்டு பேரும் வந்தாத்தான் டோக்கன். மாடியில் அப்பா எதிரே உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு இலையில் தண்ணீர் தெளித்தார்.

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ரசச் சட்டியோடு நின்றேன். அப்பா பேப்பர் விலையைப் பற்றிக் கேட்டார். காலண்டர் ஆர்டர் எப்படி என்று கேட்டார். லோடு ஏற்ற லாரி கிடைக்கிறதா என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் என் கணவர் மரியாதையாகப் பதில் சொன்னார். இடையிடையே அப்பா 'மாப்பிள்ளை...' என்று ஆரம்பிப்பார், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், இன்னொரு துண்டு வை என்று அம்மாவைப் பார்த்து முடித்துவிடுவார். மோருக்கு வந்த பிறகுதான் அந்தப் பெரிய வார்த்தை வந்தது.

"வேலை வேலைன்னு அலையாதீக மாப்பிள்ளை. உடம்பையும் பாத்துக்கிடணும்."

சரிங்க மாமா என்றார் இவர். அப்பாவின் முகத்தில் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி. மாப்பிள்ளை கை கழுவும்போது பக்கத்தில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். நான் சட்டியை நங்கென்று மேடையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "சொல்லிட்டேன்ல பாப்பா?" என்றார். நிஜமாகவே சொல்லிவிட்டதாக அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வரக்கூடாது.

அம்மா பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "உங்கப்பா கேக்க மாட்டாக. நான் கேக்க முடியாது. நீ மல்லுக்கு நின்னு கேட்டா அந்த வீட்டுல இருக்க முடியாது. அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு ஊசிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் விருதுநகருக்கு வந்துவிடுவேன். சாயங்காலம் அப்பாவே மாடிக்கு வந்து, என்னைச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்காரவைத்துப் போட்டுவிடுவார். அய்யா போட்டால் ஊசி வலிக்காது என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான், வலிக்காது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பஞ்சை எடுப்பார், சிரிஞ்சைத் தட்டுவார், என் கையைத் தடவிக்கொடுப்பார், என் கண்ணை மட்டும் பார்க்கமாட்டார். ஊசி போட்டு முடித்ததும் மாதுளம்பழக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைப்பார். எனக்கு உடம்பு ஊதியது, தலை சுற்றியது, காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். எந்தக் குறையும் இல்லாத ஒரு உடம்புக்கு அத்தனை மருந்தையும் தெரிந்தே ஏற்றினார் அந்தப் பெரிய டாக்டர். என்னை அவ்வளவு நேசித்தார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று புரிந்தது, புரிந்த பிறகு அதை மறக்க முடியவில்லை. வராந்தாவில் நான் பார்த்துப் பெருமைப்பட்டது தைரியம் அல்ல. விரலில் மருந்துத் தூளோடு வந்தவரை ஏலே என்று கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்க அப்பாவால் முடிந்தது, ஏனென்றால் அந்த ஆள் திருப்பிப் பேசமாட்டார். காட்டை உழுதுவிட்டு வந்தவரிடம், விதையைப் பார்க்காமல் நிலத்தைக் குற்றம் சொல்கிறாயா என்று கேட்க முடிந்தது. பிரஸ் முதலாளியிடம் கேட்க முடியவில்லை. தன் பெண்ணைக் கட்டியவரிடம் கேட்கவே முடியவில்லை. அந்த ஏழைகளுக்கு அதனால் நல்லதுதான் நடந்தது, அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அப்பாவின் தைரியத்துக்கு ஓர் எல்லை இருந்தது, அந்த எல்லை எங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்தது.

அவர் இறந்தது ஒரு காலை நேரத்தில், கீழே, ஆஸ்பத்திரியில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். செய்தி எப்படிப் பரவியதோ, மத்தியானத்துக்குள் தெரு கொள்ளவில்லை. வேன் பிடித்து வந்தார்கள், லாரியில் நின்றுகொண்டு வந்தார்கள். சில கம்பெனிகளில் அன்றைக்கு வேலைக்கு ஆளே இல்லை என்றார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி அவர் முகத்தைக் காட்டினார்கள். நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், நிறைய அழுதேன். கோபம் இருந்தால் அழுகை வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

குளிப்பாட்டி எடுத்துவைத்ததும் பெரியவர் ஒருவர், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்திகளை வரச்சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டார் பாவம். அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்க்கக்கூடாது என்று வேறு பக்கம் திரும்பின. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாத்தூர்க்காரர் முன்னால் வந்தார். அவர் கையைப் பிடித்தபடி அந்தப் பையன். "அய்யா பேர வச்ச பிள்ளைங்க. இவன் பிடிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் உடைந்துவிட்டது. என் பிள்ளை, என் பிள்ளை என்று ஆளாளுக்கு முன்னால் தள்ளினார்கள். பந்தம் போதாமல் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். பிள்ளைகள் வரிசையாக நெருப்பைப் பிடித்துக்கொண்டு என் அப்பாவைச் சுற்றி வந்தன. ஊரே கதறியது. எந்த மனிதருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம் என்றார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளின் தலைகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு தலைக்கும் பின்னால் அப்பா கேட்ட ஒரு கேள்வி இருந்தது. என் மடியில் அவர் கேட்காத கேள்வி இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பல பேர் பேசினார்கள். சாத்தூர்க்காரரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, அய்யா தன்னை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தியதையும், அன்றைக்கு ராத்திரி அவரை அடிக்கவேண்டும் என்று நினைத்ததையும், அந்த அசிங்கத்தால்தான் தனக்கு ஒரு மகன் கிடைத்ததையும் மறைக்காமல் சொன்னார். மண்டபமே கைதட்டியது. அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அப்பா அவரை மதித்து அசிங்கப்படுத்தியிருக்கிறார்.

கடைசியாகக் குடும்பத்தின் சார்பில் மாப்பிள்ளை பேசுவார் என்று அறிவித்தார்கள். என் கணவருக்கு மேடைப் பழக்கம் இல்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார். மாமா எல்லாரையும் அதட்டுவார் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒரு பிள்ளையைப் போல வைத்திருந்தார் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அவர் நிஜமாகவே என் அப்பாவை நேசித்தார். அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சிவகாசிக்குத் திரும்பினோம். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் யாருக்காகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா சொல்லாமல் போன வார்த்தையை நானே சொன்னேன். அவரைப் போலவே, நேராக, சுற்றி வளைக்காமல். நீங்கள் ஒரு டெஸ்ட் எடுக்கவேண்டும், ரெண்டு பேருக்கும் பார்த்தால்தான் வைத்தியம், ஊருக்கெல்லாம் அப்பா சொன்னது நமக்கும்தான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். ரோட்டைப் பார்த்தபடியே, ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கவைப்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

"மாமா சொல்லட்டும், வர்றேன்னு அன்னைக்கே சொன்னேன். அவுக சொல்லலையே. ஆளப் பாத்தே குறையச் சொல்லிருவாகன்னு ஊரே சொல்லுது. என்னைய இத்தன வருசமாப் பாத்தாக. மூஞ்சி தெரியாதவனுக்கெல்லாம் சொன்னவுக, எங்கிட்ட ஒண்ணு இருந்தா சொந்த மகளுக்காகச் சொல்லாமயா போயிருப்பாக?"

அப்பா பயந்துகொண்டு கேட்கவில்லை என்று சொன்னால் இவரும் நம்பமாட்டார், மாமியாரும் நம்பமாட்டார், விருதுநகரில் ஒரு ஆள் நம்பமாட்டார். வராந்தாவில் நின்று அத்தனை ஆண்களையும் ஏலே என்று கூப்பிட்ட மனிதர் ஒருவருக்குப் பயந்தார் என்றால் யார் நம்புவார்கள்? மாமியார் பிற்பாடு இதே நியாயத்தைச் சொல்லித்தான் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கினார். நான் விருதுநகருக்கு, அதே மாடிக்கு, அம்மாவிடம் வந்துவிட்டேன்.

என் கணவரிடம் குறை இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் ஒரு சர்டிபிகேட் இருக்கிறது. அதை என் அப்பா எழுதவில்லை, கையெழுத்துப் போடவில்லை, வாயைத் திறக்காமல் இருந்தே கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தப்பு என்று சொல்ல இன்னொரு டாக்டரிடம்தான் போகவேண்டும். அவரைவிடப் பெரிய டாக்டர் எங்கள் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை.